டீ குடித்தபின் இரண்டு தட்டு

சாவிக்கொத்தை மருமகளின் மேஜைமேல் வைத்துவிட்டு, "இனிமே எல்லாம் நீதான் பார்த்துக்கணும்" என்று சொல்லிப் பெரியவர் வீட்டுக்குப் போனாரே, அதற்குப் பிறகு லாண்டரி ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. துணிகள் அழுக்காக வந்தன, வெளுப்பாகப் போயின. பாய்லர் எப்போதும்போல் காலையில் உறுமிவிட்டு அடங்கியது. சொன்னபடி விலகிக்கொள்ளாத ஒரே ஆள், பொறுப்பைக் கொடுத்தவர்தான்.

மறுநாளே வந்துவிட்டார். "சும்மா டீ குடிக்க வந்தேன்" என்றார். அன்றிலிருந்து தினமும் சும்மா டீ குடிக்க வந்துகொண்டிருக்கிறார். வீட்டில் டீ கிடைக்காதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் உள்ளவள் அவருடைய மகள் ஒருத்திதான். அவளுக்கோ அவர் வருவது வசதியாக இருந்தது.

மகளை வீட்டிலும் லாண்டரியிலும் புரொபசர் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறாள். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'மூணு வகை மேடம்'. எதைக் கேட்டாலும் "இதுல மூணு வகை இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவாள்.

அதிகாரத்திலும் மூணு வகை உண்டு. ஒன்று, வழிவழியாக வருவது: எப்போதும் இவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம், அதனால் இப்போதும் கேட்கிறோம். இரண்டாவது, ஒரு ஆளின் வசீகரத்தால் வருவது: இவன் கண்ணைக் காட்டினால் போதும், எங்கே வேண்டுமானாலும் பின்னால் போவோம். மூன்றாவது, விதியால் வருவது: இந்த நாற்காலிக்கு இன்ன அதிகாரம், அதில் யார் உட்கார்ந்தாலும் சரி. பாடப்புத்தகத்தில் இதற்கெல்லாம் ராஜாக்களையும் தலைவர்களையும் உதாரணம் காட்டுவார்கள். புரொபசருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. முதல் வகைக்கு அப்பா. இரண்டாவதற்கு, டெலிவரி வேன்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. மூன்றாவதற்கு, மானேஜராகிவிட்ட அண்ணி. ஒரே கூரையின் கீழ் மூன்றும் கிடைத்தால் எந்த ஆராய்ச்சியாளர்தான் விடுவார்?

அண்ணன் எங்கே என்று கேட்பீர்கள். அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஈரத்துணி வாசனை பட்டாலே தும்மல். லாண்டரிப் பேச்சை எடுத்தால், "ஆளை விடுங்கப்பா" என்று கும்பிடு போட்டுவிடுவார்.

அதனால் புரொபசர் அண்ணியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கல்லூரி வேலை முடிந்ததும் வந்து, இஸ்திரி ஹாலின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.

"எங்களையே பாடமா எழுதறியாக்கும்?" என்று தம்பி கேலி செய்தான்.

"நான் பார்க்கத்தான்டா வர்றேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நான் இல்லாத மாதிரியே நினைச்சுக்குங்க."

"நீ இருக்கும்போதே அப்படித்தானேக்கா நினைச்சுக்கறோம்."

வியாழக்கிழமை அவளுக்குக் காலையில் ஒரே ஒரு வகுப்புதான். அன்றைக்குப் பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "மேடம், எது சமூகச் செயல், எது இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"செய்யறவர் மனசுல ஒரு அர்த்தம் இருக்கணும். அது இன்னொருத்தரை நோக்கியும் இருக்கணும். தும்மல் வந்து தும்மினா அது செயல் இல்லை. பக்கத்துல இருக்கிறவரை உஷார்படுத்தப் பொய்யாத் தும்மினா, அது செயல்."

"பழக்கதோஷத்துல செய்யறது?"

"அது எல்லைக்கோட்டு மேல நிக்குது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்."

"அப்ப அதுக்குப் பொறுப்பு யாரு மேடம்?"

நல்ல கேள்விதான். நேரம் முடிந்துவிட்டதாகப் புரொபசர் சொல்லிவிட்டாள்.

லாண்டரிக்கு அவள் வந்தபோது ஹால் புழுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் இஸ்திரி ரோலர். ஆள் நீளத்துக்கு இரண்டு இரும்பு உருளைகள், உள்ளே நீராவி. முன்பக்கம் தகரம் பதித்த மேஜை. ஈரமான படுக்கை விரிப்பை அந்த மேஜையில் நீவி உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் பின்பக்கம் மொடமொடவென்று வரும். கொடுக்கிறவர் ரோலர்காரர். பெரியவர் தொழில் தொடங்கிய காலத்து ஆள். பின்பக்கம் வாங்கி மடிக்கிறவளை எல்லோரும் மடிப்பு அக்கா என்பார்கள். அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட.

அந்த இரைச்சலில் கத்தினால் தொண்டைதான் போகும். அதனால் பெரியவர் அந்தக் காலத்திலேயே சைகை பழக்கி வைத்திருந்தார். உள்ளங்கையை உயர்த்தினால் நிறுத்து. மோதிர விரலால் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் ஓட்டு. மேஜையில் கை வைத்திருப்பவருக்கு அந்த அதிர்வு உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ரோலர்காரர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அண்ணி வந்ததும் ஒரு விதி போட்டாள். சிவப்புப் பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தி ரோலரை நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியதை மறுபடி ஓட்டுவதற்கு மானேஜர் நேரில் வந்து பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். மீறி ஓட்டினால் வேலை கிடையாது. எல்லோரையும் கூட்டி வைத்துப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். பெரியவர்தான் முதல் கையெழுத்துப் போட்டார். "நல்ல விதி. எனக்கு இத்தனை நாள் தோணலையே" என்று வாய்விட்டுப் பாராட்டவும் செய்தார்.

இப்போது நடந்ததற்கு வருவோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த விரிப்பு ஒன்று உருளையில் சுற்றிக்கொண்டது. ரோலர்காரர் விதிப்படி சிவப்பை அழுத்தினார். மடிப்பு அக்கா பின்பக்கத்திலிருந்து கையை நுழைத்துத் துணியின் நுனியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். அண்ணியைக் கூட்டி வர ஒருவரை அனுப்பினார்கள். அவளோ கண்ணாடி அறைக்குள் டெலிபோனில் இருந்தாள். அதே ஆஸ்பத்திரிதான், விரிப்பு எப்போது வரும் என்று கேட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. "ஒரு நிமிஷம்" என்று விரலைக் காட்டினாள்.

ரோலர்காரர் இரண்டு கைகளையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

மேஜையின் மறுகோடியில் பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அங்கே தம்பி வேனைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். சுவரில் இடித்துவிடுவானோ என்ற கவலை அவர் முகத்தில் எழுதியிருந்தது. டீயைக் குடித்து முடித்தார். கிளாசைக் கீழே வைத்தார். மோதிர விரலால் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். தண்ணீர் குடித்தாலும் சரி, சாப்பிட்டு முடித்தாலும் சரி, மேஜையில் இரண்டு தட்டு. அங்கே எந்த யந்திரமும் ஓடுவதில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இங்கே ஓடியது. ரோலர்காரரின் கை பச்சைப் பொத்தானுக்குப் போனது. பின்பக்கத்திலிருந்து அலறல் வந்தது.

அடுத்து நடந்ததைப் புரொபசரால் வரிசையாகச் சொல்ல முடியாது. யாரோ சிவப்பை அழுத்தினார்கள். மடிப்பு அக்கா தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று விரல்கள் வெந்து நசுங்கியிருந்தன. வேனை நடுவழியில் அப்படியே போட்டுவிட்டுத் தம்பி ஓடி வந்தான். அவளைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றினான். கிளம்புவதற்கு முன்னால் திரும்பி வந்து, சுவரோடு சுவராக நின்றிருந்த ரோலர்காரரின் தோளைப் பிடித்தான்.

"நீங்க பயப்படாதீங்க. நான் இருக்கேன்."

அவன் என்ன செய்யப்போகிறான், எதை வைத்து அப்படிச் சொன்னான் என்று ஒருவருக்கும் தெரியாது. இருந்தாலும் ஹாலில் இருந்த அத்தனை பேர் முகமும் தெளிந்தது. வேறு நாளாக இருந்தால் புரொபசர் அதை ரசித்திருப்பாள்.

அண்ணி யாரையும் அதட்டவில்லை. ரோலரைப் பூட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, விரிப்பு இன்று வராது என்று சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். பிறகு ரோலர்காரரைக் கேட்டாள்.

"நான் சொல்லாம ஏன் ஓட்டினீங்க?"

"தட்டு விழுந்துதும்மா. கை தானாப் போயிருச்சு."

"அவர் ஓட்டச் சொன்னாரா?"

"தட்டு விழுந்துதும்மா" என்றார் ரோலர்காரர் மறுபடியும்.

"சாப்பாட்டுக்கு அப்புறம் என் ரூமுக்கு வாங்க. விசாரிக்கணும்." அவள் புரொபசர் பக்கம் திரும்பினாள். "எதிர்ல உட்கார்ந்திருந்தது நீங்கதான். நீங்களும் வரணும்."

நேற்று வரை 'நீ' என்று கூப்பிட்ட அண்ணி இன்று 'நீங்க' என்றாள். பார்க்க மட்டும் வந்தவள் சாட்சியாகிவிட்டாள்.

அவளுக்கு விஷயம் தெளிவாகவே தெரிந்தது. பெரியவர் தட்டியது உத்தரவு இல்லை, வெறும் பழக்கம் என்றால், யாரும் சொல்லாமல் ரோலரை ஓட்டியவர் ரோலர்காரர். விதிப்படி அவருக்கு வேலை கிடையாது. இந்த வயதில் அவரை வேறு எவரும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை. தட்டியது உத்தரவு என்றால், விதியை மீறியவர் அப்பா. எதிரில் உட்கார்ந்திருந்த அவள் சொல்வதுதான் செல்லும்.

அப்பாவைத் தேடிக்கொண்டு போனாள். பின்கட்டில், திரைச்சீலைகள் காய்கிற கொடிகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

"அப்பா, எதுக்குத் தட்டினீங்க?"

"எதை?"

அவர் நடிக்கவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அப்பாவுக்கு நடிக்க வராது.

"மேஜையில. டீ குடிச்சிட்டு."

பெரியவர் தன் விரலைப் பார்த்தார். ஒரு திரைச்சீலை காற்றில் வந்து அவர் தோளில் விழுந்தது. அதை எடுத்து விடக்கூட இல்லை.

"அவன் கை மேஜை மேல இருந்துதா?"

"இருந்துது."

"அப்படின்னா அவன் தப்பு இல்லைம்மா. தட்டினா ஓட்டுன்னு நான்தானே பழக்கினேன்."

"ஆனா நீங்க ஓட்டச் சொல்லித் தட்டலையே. சும்மா தட்டினீங்க. நான் பார்த்தேன். நீங்க வேனைப் பார்த்துட்டிருந்தீங்க."

"சும்மாவா?" பெரியவரின் குரல் கடுமையாகிவிட்டது. "இந்த லாண்டரியில நான் தட்டி ரோலர் ஓடாத நாள் உண்டா? இப்ப நீ வந்து, அது சும்மாங்கறே. தூக்கத்துல கை ஆடற மாதிரின்னு போய் அங்க சொல்லப்போறியா?"

"உண்மை அதுதானேப்பா."

"உண்மையை உன் காலேஜுல வச்சுக்கோ."

இப்படி அவர் அவளிடம் பேசியதே இல்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. குற்றவாளியாக நிற்க அவர் தயார். அர்த்தமில்லாதவராக நிற்கத்தான் முடியவில்லை.

மானேஜர் அறையில் நாற்காலிகள் இடம் மாறவில்லை, ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். அண்ணி பெரிய நாற்காலியில். பெரியவர் எதிரே, வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில். ரோலர்காரர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த தம்பி கதவில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"மடிப்பு அக்காவுக்கு விரல் பொழைச்சுக்கும்னு சொல்லிட்டாங்க. தையல் போட்டிருக்கு" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு எல்லோருமே மூச்சு விட்டார்கள்.

வீட்டில் மாமா என்று கூப்பிடுகிறவரை ஆபீசில் எப்படிக் கூப்பிடுவது என்ற சிக்கலை அண்ணி இத்தனை நாளும் கூப்பிடாமலே சமாளித்து வந்தாள். இன்றும் அப்படியே ஆரம்பித்தாள்.

"ரோலர் நின்னுட்டிருந்தப்போ மேஜையில தட்டினது நீங்கதானே?"

"நான்தான்."

"எதுக்குத் தட்டினீங்க?"

"ஓட்டச் சொல்லி."

ரோலர்காரர் சட்டென்று நிமிர்ந்து, கண் கலங்க அவரைப் பார்த்தார்.

"விதி தெரியும் இல்லையா?"

"தெரியும். முதல் கையெழுத்தே என்னோடதுதான்."

"தெரிஞ்சும் ஏன்?"

"ரோலர் நின்னா எனக்குப் பொறுக்காது. என் லாண்டரி. சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன்." இவ்வளவும் சொன்னபோது அவர் குரல் ஆடவில்லை. மாதக்கணக்கில் இல்லாத கம்பீரம் வந்திருந்தது. மகனைக் கொஞ்சம் பெருமையோடுகூடப் பார்த்தார்.

அண்ணி புரொபசர் பக்கம் திரும்பினாள். "நீங்க நேர் எதிர்ல இருந்தீங்க. அது உத்தரவுதானா?"

நான்கு ஜோடிக் கண்கள் புரொபசரின் முகத்துக்கு வந்தன. ஆராய்ச்சி செய்கிறவர் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல வேண்டும், தன் விருப்பு வெறுப்பை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வர வேண்டும் என்று அவள் வருஷா வருஷம் வகுப்பில் சொல்லி வருகிறாள். அதைச் சொல்லும்போது குரலை உயர்த்திக்கூடப் பேசுவாள். இப்போது ஒரு பக்கம் ரோலர்காரர், இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு பக்கம் அப்பா, கெஞ்சாமல், மிரட்டாமல், நேராக உட்கார்ந்திருந்தார். அவர் இதைச் செய்வது பழைய ஆளைக் காப்பாற்றவா, தன்னையே காப்பாற்றிக்கொள்ளவா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரித்துப் பார்க்க அவளுக்கு மனசும் வரவில்லை.

"ஆமா," என்றாள். "உத்தரவுதான்."

அண்ணி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தீர்ப்பு மாதிரி இல்லாமல், ரயில் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"முதலாளியே நேர்ல நின்னு சொல்லும்போது முடியாதுன்னு சொல்ற பாரத்தை வேலை செய்யறவர் தலையில கட்ட முடியாது. ரோலர்காரருக்கு எச்சரிக்கை மட்டும்தான். விதியை மீறினவர் வேலையில இருக்கிறவரா இருந்தா வேலை போயிருக்கும். இவர் வேலையில இல்லை. அதனால இன்னியிலேர்ந்து ஹாலுக்குள்ள வர இவருக்கு அனுமதி கிடையாது."

"டீ குடிக்கக்கூடவா?" என்றான் தம்பி. அவன் கேலியாகச் சொல்லவில்லை.

"டீ குடிக்கவும்."

பெரியவர் எழுந்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போக நேர் வழி ஹால்தான். அவர் பின்கட்டுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, கொடிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து போனார். தீர்ப்புக்கு முதலில் கீழ்ப்படிந்தவர் அவர்தான். அறைக் கண்ணாடி வழியாகப் புரொபசர் அதைப் பார்த்தாள்.

ஹாலில் இருந்தவர்களும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை.

தம்பி துணித்தள்ளுவண்டி ஒன்றின்மேல் ஏறி நின்றான். முன்னேற்பாடு ஏதுமில்லாமல் பேசினான். அவனுக்கு எப்போதும் அப்படித்தான் நன்றாக வரும்.

"இந்தக் கூரையைப் போட்டவரை இந்தக் கூரைக்குக் கீழ வராதேன்னு சொல்லியாச்சு. அவர் தப்பு பண்ணலைன்னு நான் சொல்லலை. அவரே ஒத்துக்கிட்டார். நெஞ்சை நிமிர்த்தி ஒத்துக்கிட்டார். வேற யாராவது ஒத்துக்குவாங்களா? அவர் வர முடியாத இடத்துக்கு நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன். நீங்க எப்படி?"

"நாங்களும் வரமாட்டோம்!" என்றது ஹால். சிவப்புப் பொத்தான் விதி வந்த அன்றைக்கு அண்ணிக்குக் கைதட்டியவர்களும் அதில் சேர்ந்து கத்தினார்கள். ரோலர்காரர் கத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சாயங்காலம் யந்திரங்கள் ஓய்ந்து, எல்லோரும் கிளம்பிய பிறகு, அண்ணி அறையின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தாள். புரொபசர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"கிளம்பலையா?" என்றாள் அண்ணி.

"உங்களுக்காகத்தான் இருக்கேன்."

"எதுக்கு? நீ சொன்னது பொய்னு சொல்றதுக்கா?"

'நீ' திரும்பி வந்துவிட்டது. புரொபசருக்கு முதலில் அதுதான் உறைத்தது. பிறகுதான் மற்றது.

"உங்களுக்கு எப்படி..."

"ஒரு நிமிஷம்னு விரலைக் காட்டினேனே, எங்க பார்த்துட்டுக் காட்டினேன்? ஹாலைப் பார்த்துட்டுத்தான். காதுலதான் ஆஸ்பத்திரி. கண்ணுல மாமா. அவர் வேனைப் பார்த்துட்டே கிளாசை வச்சார், தட்டினார். ஓட்டச் சொல்ற ஆள் ரோலர் பக்கம் ஒரு தடவையாவது திரும்பியிருப்பார்."

"தெரிஞ்சும் ஏன் ஒத்துக்கிட்டீங்க? விதின்னா விதிம்பீங்களே?"

அண்ணி கடைசி விளக்கை அணைக்காமல் அதன் அடியிலேயே நின்றாள்.

"இந்த நாற்காலியில உட்கார்ந்தப்போ நினைச்சேன், இனிமே எனக்கு உத்தரவு போட யாரும் இல்லைன்னு. இன்னிக்கு அவர் எதிர்ல உட்கார்ந்து 'ஓட்டச் சொன்னேன்'னார். அது எனக்கு வாக்குமூலமாப் படலை. 'அவனை விட்டுடு, என்னை அனுப்பு'ன்னு எனக்குப் போட்ட உத்தரவு அது. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து மாமா சொல்லி நான் எதையும் மீறினதில்லை. இன்னிக்கும் என்னால முடியலை." அவள் சிரிக்க முயன்றாள். "நல்ல மானேஜர், இல்லே?"

சமாதானம் சொல்ல வேண்டிய இடம்தான். ஆனால் புரொபசரும் அதே பொய்யில் பாதிப் பங்கு வாங்கியவள்.

"அதை விடு," என்றாள் அண்ணி. "வீட்டுக்குப் போனதும் அவருக்கு நான்தான் சாப்பாடு எடுத்து வைக்கணும். எப்படி முகத்தைப் பார்க்கப் போறேன்னு நினைச்சாத்தான் கையும் ஓடலை, காலும் ஓடலை."

விளக்கை அணைத்தாள். இருவரும் ஆளில்லாத ஹாலைத் தாண்டி வெளியே வந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே தம்பி வேனில் சாய்ந்துகொண்டு காத்திருந்தான். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. அண்ணியைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றான். கோபத்திலும் அவனுக்கு அந்த மரியாதை போகவில்லை.

"அண்ணி, உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. நாளைக்குக் காலையில எல்லாரும் இந்த வாசல்ல நிப்போம். அப்பா பேச்சுதான் இங்க இன்னமும் நடக்குதுன்னு ஊருக்கே தெரியட்டும். அப்புறம் அவரை எப்படி வெளியே நிறுத்தறீங்கன்னு பார்க்கலாம்." அவன் அக்கா பக்கம் திரும்பினான். குரல் இளகியது. "அக்கா, நீ பெரிசா ஒண்ணும் பண்ண வேண்டாம். இன்னிக்கு ரூம்ல சொன்னியே, அது உத்தரவுதான்னு. அதையே நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஒரு தடவை சொல்லிடு. நீ பக்கம் சாயறவ இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். நீ சொன்னா நம்புவாங்க. சொல்லுவே இல்லே?"

புரொபசர் சொன்னால் அண்ணியின் நாற்காலி ஆட்டம் காணும். மறுத்தால் ரோலர்காரர் நாளைக்கே வீட்டுக்குப் போவார், அப்பாவின் கம்பீரமும் கூடவே போகும்.

அவளுக்கு முன்னால் அண்ணிதான் பதில் சொன்னாள். யார் முகத்தையும் பார்க்காமல், கேட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னாள்.

"சொல்லுவா. உங்க அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை."